கயிற்றுக் கடைக்கு ஒரு பற்றுச்சீட்டு: சி ஷார்ப் பழகிய பதினான்கு வாரங்கள்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, காசிமேடு துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் மாமாவின் கயிற்றுக் கடையில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அச்சுப்பொறியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சீட்டு வெளியே வந்தது. பிபி கயிறு (பாலிபுரோப்பிலீன் கயிறு), ஷாக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்புக் கொளுவி), போயா (மிதவை) என்று மூன்று சரக்கும், எடையும், விலையும், கீழே அந்தப் படகின் பழைய பாக்கியும் புதுப் பாக்கியும் அதில் தமிழில் இருந்தன. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் கீது. கணக்கு சரியான்னு நோட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நோட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. அந்தச் சீட்டை அச்சடித்தது, சி ஷார்ப் என்ற நிரலாக்க மொழியைப் பழகி நான் எழுதிய நிரல். அன்றைக்கு முந்தைய பதினான்கு வார இறுதிகளில் எத்தனை முறை சரியாக இல்லாமல் போயிற்று என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் கடையின் வியாபாரம் கடனில் நடப்பது. விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போவார்கள், மீன் ஏலம் போனபின் கொடுப்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளையும் வலைகளையும் பழுது பார்ப்பது அந்த நாட்களில்தான் என்பதால், பணம் வராத அந்த இரண்டு மாதங்களில்தான் சரக்கு மிகுதியாக வெளியே போகும். படகுக்கு ஒரு பக்கம் என்று இருநூறு பக்க நீள நோட்டில் மாமா எழுதிவருகிறார். வாங்கியவர் கையில் மட்டும் எந்தத் தாளும் இருப்பதில்லை. ஜூன் கடைசியில் பாக்கி பற்றி வாய்த்தகராறு வருவது ஆண்டுதோறும் உள்ளதுதான். எனவே தேவைப்பட்டது வரி பில் அல்ல, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். வாங்கியவர் கையில் கொடுக்க ஒரு பற்றுச்சீட்டு, எங்களிடம் அதற்கொரு பதிவு, இவ்வளவுதான்.

நான் நிரலாளன் அல்லன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் பாலிடெக்னிக்கில், சி மொழியில் நிரல் எழுத உதவும் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத்திரையில் பகா எண்களை அச்சடித்ததோடு என் நிரலாக்கம் முடிந்திருந்தது. இம்முறை சி ஷார்ப்பைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் காரணமில்லை: கடையில் வைக்கப்போவது விண்டோஸ் கணினி, விண்டோஸில் பொத்தானும் கட்டமும் வைத்த ஒரு சாளரத்தை இதில் எளிதாகச் செய்யலாம், மொழிக்கும் கருவிகளுக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். பிற்பாடு தெரிந்துகொண்ட ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. டர்போ சி-யை விற்ற அதே போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்காரர்தான், மைக்ரோசாஃப்டுக்குப் போனபின் இந்த மொழியின் வடிவமைப்புக்கும் தலைமை ஏற்றவர். 2000-இல் அறிவிக்கப்பட்டு 2002-இல் முதல் பதிப்பு வந்த மொழியை இன்னும் நவீனம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம்; ஆனால் ஆண்டுதோறும் நவம்பரில் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஷார்ப் என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி. சி, சி பிளஸ் பிளஸ் என்ற வரிசையில் அடுத்தது என்று காட்டத்தான் அப்பெயர்.

மொழிக்கு முன்னால் கணினி. ரிச்சி தெருவில் நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் நான்கு ஜிபி நினைவகமும் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றை ரூ.6,500-க்கும், 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை ரூ.1,500-க்கும் வாங்கினேன். வீட்டில் ஓடிய கணினி கடைக்குக் கொண்டுபோன மூன்றாம் வாரம் எழவில்லை. விசிறி சுற்றியது, திரை இருட்டாக இருந்தது, நீண்ட பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டு வந்தது. மதர்போர்டு போயிற்று என்று நினைத்து மேலும் மூவாயிரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தால், உள்ளே ஒயர் ரோப் வெட்டும் சக்கரத்திலிருந்து பறந்த இரும்புத்தூள், கடல் ஈரத்தில் துரு பிடித்துச் செம்மண் போலப் படிந்திருந்தது. நினைவகப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பொன்னிறப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. ஐந்து ரூபாய் பென்சில் ரப்பரால் இருபுறமும் பளபளப்பு வரும்வரை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, பொருத்தினேன், எழுந்துவிட்டது. நாள் தவறிக் காட்டிய கடிகாரத்துக்காக நாணய பேட்டரியையும் ரூ.40-க்கு மாற்றினேன். வெட்டுச்சக்கரம் இப்போது கடையின் பின்கட்டில் இருக்கிறது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

சி ஷார்ப் நிரல்களை உருவாக்கவும் ஓட்டவும் தேவையான டாட்நெட் என்ற தளத்தின் எட்டாம் பதிப்பை நிறுவினேன். 2023 நவம்பரில் வந்த அது மூன்றாண்டு ஆதரவு உள்ள பதிப்பு. ஒன்பது அப்போதே வந்துவிட்டிருந்தாலும், கடையில் வைத்துவிட்டு மறக்க வேண்டிய ஒன்றுக்கு நீண்ட ஆதரவு உள்ளதே மேல் என்று பட்டது. நிறுவும் கோப்பு இருநூறு மெகாபைட்டுக்குச் சற்று மேல். நிரலைத் தட்டி எழுத விஎஸ் கோட் என்ற மென்பொருள். முதல் நிரல் ஒரே ஒரு வரிதான். என் கல்லூரி நாளில் இருந்த முதன்மைச் செயற்கூறு, அதைச் சுற்றி அடைப்புக்குறி என்ற சடங்குகள் எல்லாம் 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து கட்டாயமில்லை. "வணக்கம் காசிமேடு" என்று அச்சிடச் சொன்னேன். கேள்விக்குறிகள் வரிசையாக வந்தன. வெளியீட்டின் குறியாக்கத்தை, எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 என்ற முறைக்கு மாற்றினால் சரியாகும் என்று படித்து மாற்றியபின் கேள்விக்குறிகள் போய்க் கட்டங்கள் வந்தன. நிரலின் வெளியீடு எழுத்தாக மட்டும் வரும் அந்தக் கறுப்புச் சாளரத்தின் எழுத்துருவில் தமிழே இல்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதனோடு மல்லுக்கட்டியது வீண். மறுவாரம், பொத்தானும் கட்டமும் வைத்த சாளரங்களைச் செய்ய உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸுக்கு மாறி, ஒரு சாளரத்தில் அதே இரு சொற்களை எழுதியபோது முதல் முயற்சியிலேயே சரியாகத் தெரிந்தன. தமிழில் ஏதேனும் செய்ய நினைப்பவர்கள் கறுப்புச் சாளரத்தில் தொடங்க வேண்டாம்.

அடுத்து, இந்த மொழியின் நடுத்தூணான கிளாஸ், அதாவது ஒரு வகைப் பொருளில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் வார்ப்பு. பள்ளிப் பாடநூல் இதை இனக்குழு என்றும், அதிலிருந்து உண்டாவதைப் பொருள் என்றும் சொல்கிறது. கடையில் பொருள் என்றால் சரக்கு என்பதால் எனக்குக் குழப்பத்துக்குப் பதில் வசதியாகவே இருந்தது. பெயர்களைத் தமிழிலேயே வைக்க மொழி இடம் கொடுக்கிறது: "சரக்கு", "படகு", "சீட்டு" என்றே கிளாஸ்களுக்குப் பெயரிட்டேன். சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் "வரி" என்று பெயர் வைத்து, இரண்டு நாள் கழித்து அதைப் படித்த நானே அது விற்பனை வரி என்று நினைத்துத் தேடியலைந்தபின் "உருப்படி" என்று மாற்றினேன். மொழியின் சொந்தச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு வரியிலும் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட வேண்டியிருந்தது; எனவே தமிழ்ப் பெயர்கள் இந்த நான்கோடு நின்றன.

முதல் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. பாடங்களில் விலங்கிலிருந்து நாயும் பூனையும் பிறப்பதைப் படித்த உற்சாகத்தில், சரக்கு என்ற தாய் கிளாஸும், அதிலிருந்து மரபுரிமையாக எடைச்சரக்கு, எண்ணிக்கைச்சரக்கு, அளவுச்சரக்கு என்று மூன்று பிள்ளைகளும் செய்தேன். கயிறும் ஈயமும் எடை, ஷாக்கிளும் போயாவும் எண்ணிக்கை, பெயிண்ட் அளவு. பார்க்க அழகாக இருந்தது, மூன்று வார இறுதிகள் அதில் போயின. கடையில் காட்டியபோது மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "கயித்த முழுச் சுருளா எடுத்தா எதுல போடுவ?" கயிறு கிலோவுக்கும் போகும், சுருளுக்கும் போகும், சுருளுக்கு விலை வேறு. ஈயக்குண்டைச் சிலர் எண்ணி வாங்குவார்கள், சிலர் நிறுத்து வாங்குவார்கள். ஒரே சரக்கு காலையில் ஒரு பிள்ளையாகவும் மாலையில் இன்னொரு பிள்ளையாகவும் இருக்க முடியாது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அதில் சரக்கின் இனம் எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு வரியிலும் "கி", "சுருள்", "எண்" என்று அலகு மட்டும் பக்கத்தில் இருந்தது. மூன்று பிள்ளைகளையும் அழித்தேன். ஒரு சரக்கு, அதற்குள் அலகும் விலையும் சேர்ந்த சிறு பட்டியல். உருப்படி எந்த அலகில் விற்றது என்பதை உருப்படியே சொல்லும். முந்நூறு வரி நிரல் தொண்ணூறு வரியானது. மரபுரிமை என்ற வசதியை, இன்றுவரை, சாளரத்தைச் செய்யும் இடத்தில் மொழி கேட்பதால் பயன்படுத்துவதைத் தவிர, என் சொந்தக் கிளாஸ்களில் எங்கும் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது தவறு இதைவிட நயவஞ்சகமானது. பன்னிரண்டு கிலோ கயிறு, கிலோ ரூ.345, ஆக ரூ.4,140 என்று ஒரு சோதனைச் சீட்டைப் போட்டுவைத்தேன். மறுநாள் கயிற்றின் விலையை ரூ.360 ஆக்கினேன். பழைய சீட்டைத் திறந்தால் ரூ.4,320 என்று நின்றது. எவரும் தொடாமலே நேற்றைய கடன் ரூ.180 ஏறியிருந்தது. காரணம் எளிது, ஆனால் எனக்குப் பிடிபட ஒரு மாலை ஆயிற்று. கிளாஸிலிருந்து உண்டாகும் பொருளை வேறொன்றுக்குள் வைக்கும்போது மொழி அதன் நகலை வைப்பதில்லை, அது இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பை மட்டுமே வைக்கிறது. என் உருப்படிக்குள் இருந்தது நேற்றைய கயிறு அல்ல. கயிறு இருக்கும் திசையைக் காட்டும் ஒரு விரல். விலை மாறியதும் விரல் காட்டும் இடத்திலெல்லாம் மாறிவிட்டது. மாமாவின் நோட்டில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அவர் விற்ற அன்றைய விலையை மையால் எழுதிவிடுகிறார். நானும் அதையே செய்தேன்: விற்கும் நொடியில் சரக்கின் பெயர், அலகு, விலை மூன்றையும் உருப்படிக்குள் நகலெடுத்து, அதைக் கிளாஸாக வைக்காமல் ரெக்கார்டு என்ற வகையாக, ஒருமுறை எழுதியபின் மாற்ற முடியாததாக ஆக்கினேன். அதன்பின் எங்கோ ஓர் இடத்தில் நானே மறந்துபோய்ப் பழைய உருப்படியின் விலையைத் திருத்த முயன்றபோது, நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் சிவப்புக்கோடு போட்டு மறுத்துவிட்டது. இந்த மொழியோடு எனக்கு உண்டான நட்பு அந்தச் சிவப்புக் கோட்டில் தொடங்கியது.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்போ சி பழக்கத்தில் தொகைகளையெல்லாம், புள்ளி வைத்த எண்களுக்கான டபுள் என்ற வகையில் வைத்திருந்தேன். முழுப் பாக்கியையும் கட்டிவிட்ட ஒரு சோதனைப் படகு பாக்கிப் பட்டியலிலிருந்து போகவே இல்லை. திரையில் பாக்கி 0.00 என்றே தெரிந்தது. உள்ளே பார்த்தால், புள்ளிக்குப் பின் பதின்மூன்று பூச்சியங்களுக்கு அப்பால் ஓர் ஐந்தும் ஆறும் எட்டும் ஒளிந்திருந்தன. டபுள் இரண்டடிமானத்தில் எண்ணுவது. பத்து பைசாவை, அதாவது 0.1-ஐ, அதனால் சரியாகப் பிடிக்க முடியாது. பணத்துக்கென்றே சி ஷார்ப்பில் டெசிமல் என்ற 128 பிட் வகை இருக்கிறது. பத்தடிமானத்திலேயே 28 இலக்கம் வரை துல்லியமாக வைத்துக்கொள்ளும். மாற்றினேன், பாக்கி பூச்சியமானது.

ஆனால் டெசிமலுக்கு மாறியபின்னும் ஒரு ரூபாய் வித்தியாசம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. கடையின் வழக்கம், மொத்தத்தில் ஐம்பது பைசா வந்தால் மேல் ரூபாய்க்கு ஏற்றுவது. இரண்டரைக் கிலோ கயிறு ரூ.345 வீதம் ரூ.862.50, மாமாவின் நோட்டில் 863, நிரலில் 862. ஆனால் 863.50 வந்த இன்னொரு சீட்டில் இருவருக்கும் 864. மூன்று மாலைகள் என் கூட்டலில் பிழை தேடினேன். கடைசியில், பைசாவை முழு ரூபாயாக்க நான் பயன்படுத்திய, மொழியோடு வரும் செயற்கூறு சரிபாதி வந்தால் எப்போதும் மேலே போவதில்லை, பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருப்பதைப் படித்தேன். நிறையத் தொகைகளைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கம் சேராமல் இருக்க அது நல்ல முறைதான்; கயிற்றுக் கடைக்கு அது வழக்கமில்லை. பூச்சியத்திலிருந்து விலகிச் செல் என்று கூடுதலாக ஒரு சொல் கொடுத்தால் கடை வழக்கம் வந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்கு மூன்று மாலை.

போயாவின் கதை தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது. விலைப்பட்டியல், பல ஆண்டுகளுக்கு முன் யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் யாரோ தட்டிக்கொடுத்த கோப்பாக இருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். விட்டுப்போன சரக்குகளை நானே தட்டினேன். பட்டியலில் போயா இரண்டு இருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கவில்லை, இரண்டையும் ஒப்பிட்டால் சமமில்லை என்றது நிரல். கண்ணுக்கு ஓர் எள்ளளவும் வேறுபாடில்லை. கடைசியில் இரண்டின் நீளத்தையும் கேட்டேன்: ஒன்று 4, மற்றொன்று 5. நான் தட்டியதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. மாற்றி கொடுத்ததிலோ இரட்டைக்கொம்பு ஒரு குறியீடு, கால் இன்னொரு குறியீடு என்று பிரிந்து, திரையில் மட்டும் ஒட்டி நின்றது. யூனிகோடு இவ்விரண்டையும் ஒன்றென்றே கொள்கிறது, ஆனால் சி ஷார்ப்பின் சாதாரண ஒப்பீடு குறியீட்டுக்குக் குறியீடு பார்ப்பது. நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இப்போது வெளியிலிருந்து வரும் எந்தத் தமிழ்ச் சொல்லும் அந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. கொக்கி, தோல், பொடி என்று அந்தப் பட்டியலில் இதே நோய் கண்ட பெயர்கள் பதினேழு இருந்தன.

அச்சுப்பொறிக்கு வருகிறேன். 58 மில்லிமீட்டர் தாள் பிடிக்கும் புளூடூத் வெப்ப அச்சுப்பொறி, ரூ.2,400. கணினியோடு இணைத்தபின் அது ஒரு சீரியல் போர்ட்டாக, அதாவது பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வாயிலாகத் தெரிகிறது; அதில் பைட்டுகளை எழுதினால் அச்சாகும். சீட்டின் எழுத்துகளை யூடிஎஃப்-8 ஆக அனுப்பினேன். எண்கள் சரியாக வந்தன. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக மூன்று மூன்று விசித்திர உருக்கள் வந்தன. "க" என்ற இடத்தில் முதலில் கிரேக்க ஆல்பா, பிறகு இரட்டைக் கோண மேற்கோள்குறி, பிறகு தலையில் சாய்கோடு போட்ட ஒரு லத்தீன் ஓ. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அச்சுப்பொறியோ ஒரு பைட்டுக்கு ஓர் உரு என்று தன் பழைய அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுகிறது. அந்த அட்டவணையில் தமிழ் இல்லை, சேர்க்கவும் வழியில்லை.

எனவே எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்ப முடிவு செய்தேன். இந்த அச்சுத்தலை ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 48 மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஆக 384 புள்ளிகள் போடும். நிரலுக்குள் ஒரு வெள்ளைப் படத்தை உண்டாக்கி, அதில் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில் சீட்டை வரைந்து, கறுப்புப் புள்ளி 1, வெள்ளை 0 என்று எட்டெட்டாகப் பைட்டுகளில் அடுக்கி, முன்னால் எட்டு எண்கள் கொண்ட கட்டளையை வைத்து அனுப்ப வேண்டும்: 29, 118, 48, 0 என்று நான்கு, பிறகு ஒரு வரிசைக்கு எத்தனை பைட் என்று இரண்டு, எத்தனை வரிசை என்று இரண்டு. ஓரத்தில் இடைவெளி இருக்கட்டும் என்று படத்தின் அகலத்தை 380 புள்ளியாக வைத்தேன். அச்சடித்ததும் எழுத்து என்று ஒன்றும் இல்லை. காற்றில் அடித்துவரும் மழைச்சாரல் போல வலப்பக்கம் சரிந்த கோடுகளே தாள் முழுக்க இருந்தன. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எழுத்துருவை மாற்றினேன், புளூடூத்தைக் கழற்றி மாட்டினேன், அச்சுப்பொறியே கெட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகவும் இருந்தேன். தவறு ஒரு வகுத்தலில் இருந்தது. 380-ஐ 8-ஆல் வகுத்தால் 47.5; சி ஷார்ப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் ஓசையின்றி உதிர்ந்து 47 என்றே வரும். படத்தின் ஒரு வரிசையில் இருந்தது 48 பைட், கட்டளையில் நான் சொன்னது 47. ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சிய ஒரு பைட் அடுத்த வரிசைக்குத் தள்ளப்பட்டுப் படம் எட்டுப் புள்ளி எட்டுப் புள்ளியாகச் சரிந்துகொண்டே போயிருக்கிறது. வகுப்பதற்கு முன் 7-ஐக் கூட்டினால் 48 வந்துவிடும். கூட்டினேன், எழுத்து வந்தது. டெசிமலில் பைசாவைக் காக்கத் தெரிந்த எனக்கு, சாதாரண எண்ணில் அரைப் பைட்டைக் காக்கத் தோன்றவில்லை.

எழுத்தின் அளவு 18 புள்ளியில் ழகரத்தின் சுழியும் ஞகரத்தின் வளைவும் அடைபட்டுப் போயின. 22-இல் ணகரமும் னகரமும் குழம்பின. 26-இல், அதாவது மூன்றே கால் மில்லிமீட்டர் உயரத்தில், மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டே படித்தார். வரிக்கு வரி 34 புள்ளி. பன்னிரண்டு வரிச் சீட்டு 408 புள்ளி உயரம், 19,584 பைட். அவ்வளவையும் ஒரே மூச்சில் அனுப்பினால் அச்சுப்பொறி விழுங்க முடியாமல் நடுவில் நின்று குப்பையைக் கக்கியது; எனவே 24 வரிசை வீதம் பதினேழு துண்டுகளாக்கி, இடையில் 60 மில்லிநொடி காத்திருக்கச் சொன்னேன். அப்போது மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை நூல் போல வெள்ளைக்கோடு விழுந்தது. 30 மில்லிநொடியில் அது போயிற்று, குப்பையும் வரவில்லை.

பதிவுகளை முதலில் ஒரே உரைக்கோப்பில், ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்ப எழுதிச் சேமித்தேன். எழுதும்போது மின்சாரம் போனது. கோப்பு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அன்றே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்கு மாறி, ரூ.2,800-க்கு யூபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். எஸ்கியூலைட்டில் டெசிமல் வகை கிடையாது என்பதால் தொகைகள் அதில் பைசாவாக, முழு எண்ணாக இருக்கின்றன.

கடையில் நிரலை ஓடவிட்ட முதல் நாளிலேயே ஒரு விபத்து. பட்டியலில் இல்லாத ஒரு படகின் பெயரைக் கடைத்தம்பி தட்டியதும் நிரல் சாளரத்தோடு மறைந்துபோனது. "அண்ணா, தானா மூடிக்கிச்சு" என்று போனில் சொன்னான். இல்லாத படகைத் தேடினால் நல் என்ற வெறுமை திரும்பி வரும். அந்த வெறுமையிடம் பாக்கி எவ்வளவு என்று என் நிரல் கேட்டிருக்கிறது. இந்த இடத்தில் வெறுமை வரலாம் என்று கம்பைலர் வாரக்கணக்காக மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டுதான் இருந்தது. 43 எச்சரிக்கைகளையும் நான் திரை அலங்காரம் என்று விட்டுவைத்திருந்தேன். அன்றிரவு, எச்சரிக்கை எல்லாவற்றையும் பிழையாகவே கருது என்று திட்டக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, நாற்பத்து மூன்றையும் தீர்த்தபின்தான் படுத்தேன்.

செலவுக் கணக்கு: கணினி 6,500, எஸ்எஸ்டி 1,500, யூபிஎஸ் 2,800, அச்சுப்பொறி 2,400, பத்துத் தாள் சுருள் 180, ஆல்கஹால் 120, பேட்டரி 40, ரப்பர் 5, மொத்தம் ரூ.13,545. மென்பொருளுக்குச் செலவில்லை. நேரம் ஏறத்தாழ தொண்ணூறு மணி. அதில் அச்சுப்பொறிக்கே முப்பது. திரும்பச் செய்தால், ஒழுங்கான விண்டோஸ் இயக்கியோடு வரும் யூஎஸ்பி அச்சுப்பொறியை வாங்கி, மொழியோடு கிடைக்கும் அச்சிடும் கிளாஸிடமே வரைய விட்டுவிடுவேன். அந்த எட்டு எண்களும் துண்டுகளும் காத்திருப்பும் எதுவும் வேண்டியிருக்காது. கிளாஸ் எழுதுவதற்கு முன் நோட்டில் பத்துப் பக்கமாவது படிப்பேன்.

ஜூன் 14 முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பி, சீட்டுகளும் கடைக்குத் திரும்பத் தொடங்கியபோது, நான் யோசிக்கவே யோசிக்காத ஒன்று தெரிந்தது. வெப்பத்தாள் வெயிலையும் வியர்வையையும் தாங்குவதில்லை. சட்டைப்பையில் இருந்தவை சாம்பல் நிறமாக வெளிறியிருந்தன. எஞ்சின் அறையில் செருகிவைத்த ஒன்று முழுக்கக் கறுத்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒருவருடையதில் எழுத்தே இல்லை. எங்களிடம் பதிவு இருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன், தகராறு எதுவும் வரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மாமா ஒவ்வொரு சீட்டையும் கிழித்ததும் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் சீட்டு எண்ணையும் பாக்கித் தொகையையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறார்.